மறுஜென்மமும் புதுப்பிறப்பும்: தமிழ்க் கிறித்தவத்தில் ஒரு கருத்தின் வரலாறு

முன்னுரை

கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று ஆன்மிக மறுபிறப்பு. மனிதன் தாய்வயிற்றில் பிறந்த பிறப்பு போதாது; இறைவனின் ஆவியால் இவ்வுடலிலேயே, இவ்வாழ்விலேயே மீண்டும் ஒருமுறை பிறக்க வேண்டும் என்பது அதன் சாரம். இக்கருத்து தமிழ் நிலத்தை அடைந்தபோது விந்தையானதொரு சிக்கலை எதிர்கொண்டது. 'மறுபிறப்பு' என்ற சொல் அதற்கு முன்பே தமிழில் வழங்கியது. ஆனால் அது கிறித்தவம் மறுக்க விரும்பிய கொள்கைக்கு, அதாவது உயிர் வினைக்கேற்பப் பல உடல்களில் மாறி மாறிப் பிறக்கும் என்ற கொள்கைக்கு, உரிய சொல்லாக இருந்தது. இதனால் தமிழில் எழுதிய கிறித்தவர் ஒரு கையால் மறுபிறப்பை மறுத்து, மறு கையால் மறுபிறப்பை வலியுறுத்த வேண்டியவராயினர்.

தமிழில் 'பிறப்பு' என்ற சொல் சாதியையும் குறிக்கும். எனவே 'மீண்டும் பிறந்தவன்' என்று ஒருவரைச் சொல்லும்போது அவருடைய முதற் பிறப்பு, அதாவது சாதி, என்னவாயிற்று என்ற வினாவும் உடன் எழுந்தது. இக்கருத்து மேலைத் திருச்சபையில் பெற்ற பொருளையும், தமிழில் அது சந்தித்த சொற்சிக்கலையும், பிறப்பை அடிப்படையாகக் கொண்ட சமூகத்தில் அது அடைந்த சோதனையையும் வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலச்சொற்கள்

இக்கருத்துக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுவது யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம். யூதத் தலைவரும் பரிசேயருமான நிக்கொதேமு இரவில் இயேசுவைச் சந்திக்கிறார். இறையாட்சியைக் காண்பதற்குப் பிறப்பு ஒன்று தேவை என்று இயேசு கூற, முதியவன் மீண்டும் தாய்வயிற்றில் நுழைய இயலுமா என்று அவர் வினவுகிறார். இவ்வினா அறியாமையால் மட்டும் எழுந்ததன்று. மூலக் கிரேக்கத்தில் உள்ள 'அனோதென்' என்ற சொல்லுக்கு 'மறுபடியும்' என்றும் 'மேலிருந்து' என்றும் இரு பொருள் உண்டு. நிக்கொதேமு முதற்பொருளைக் கொள்கிறார். உரையாடலோ இரண்டாம் பொருளை நோக்கி நகர்கிறது. நீராலும் ஆவியாலும் பிறத்தல் என்ற விளக்கம் இதனைத் தெளிவுபடுத்துகிறது. பிறப்பு எத்தனையாவது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு முதன்மை பெறுகிறது.

பவுலின் பெயரால் வழங்கும் தீத்து மடலில் 'பாலிங்கெனெசியா' என்ற சொல் திருமுழுக்கோடு இணைத்து ஆளப்படுகிறது. இதே சொல் மத்தேயு நற்செய்தியில் உலகம் முழுவதும் புதிதாகும் காலத்தைக் குறிக்கிறது. பேதுருவின் முதல் மடல் 'மீண்டும் பிறப்பித்தல்' என்னும் பொருளுடைய வினைச்சொல்லைக் கையாள்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் புதுப்படைப்பு என்ற உருவகத்தையும், உரோமையருக்கு எழுதிய மடலில் கிறித்துவோடு இறந்து எழுதல் என்ற உருவகத்தையும் பயன்படுத்துகிறார். பிறப்பு, படைப்பு, சாவிலிருந்து எழுதல் ஆகிய மூன்று உருவகங்களுக்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. மனிதன் தன் முயற்சியால் தன்னைப் பெற்றெடுக்க இயலாது; இம்மாற்றம் அவனுக்கு அளிக்கப்படுவதே அன்றி அவனால் ஈட்டப்படுவதன்று என்பதே அது.

'பாலிங்கெனெசியா' என்ற சொல்லும் கிறித்தவர் புதிதாக ஆக்கியதன்று என்பது குறிப்பிடத்தக்கது. ஊழித் தீயில் அழிந்த உலகம் மீண்டும் தோன்றுவதை ஸ்டோயிக் மெய்யியலார் இச்சொல்லால் குறித்தனர். உயிர்கள் உடல்விட்டு உடல் மாறுவதைப் பற்றிப் பேசுமிடத்தில் புளூட்டார்க்கும் இதனை ஆண்டுள்ளார். ஆகவே தமிழில் பின்னர் எழுந்த சொற்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க உலகிலும் கிறித்தவம் பிறருடைய சொல்லை எடுத்துத் தன் பொருளை ஏற்றவேண்டியிருந்தது. உயிர்கள் உடலெடுக்கும் முன்பே இருந்தன என்னும் கொள்கை ஒரிகனின் பெயரோடு இணைத்துப் பேசப்பட்டு, 543இல் பேரரசர் சஸ்டினியனின் ஆணையால் கண்டிக்கப்பட்டமை இப்போராட்டம் நெடுங்காலம் நீடித்ததைக் காட்டுகிறது.

நீரும் நெஞ்சமும்

தொடக்கத் திருச்சபையில் மறுபிறப்பும் திருமுழுக்கும் ஒன்றாகவே கருதப்பட்டன. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த சஸ்டின் தமது முதலாம் தன்விளக்க நூலில், நம்பிக்கை கொண்டவர்கள் நீருள்ள இடத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டு மறுபிறப்பு அடைகின்றனர் என்று விளக்குகிறார். அக்கழுவுதலை 'ஒளியூட்டல்' என்றும் அவர் பெயரிடுகிறார். அக்காலத்தில் திருமுழுக்குப் பெற்றவர் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். தம் குடும்பத்தையும் நகரத் தெய்வங்களையும் விட்டு வந்த அவர்களுக்கு நீரில் இறங்குதலும் வாழ்க்கை மாறுதலும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாக இருந்தன.

குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் வழக்கம் பொதுவானபின் இவ்விரண்டும் காலத்தால் பிரிந்தன. பிறப்புநிலைப் பாவத்தைக் குழந்தையும் சுமக்கிறது என்றும், அதனைத் திருமுழுக்கு நீக்குகிறது என்றும் அகுஸ்தீன் வாதிட்டார். 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாகியுசின் கொள்கையை மறுத்து இக்கருத்தை உறுதி செய்தது. இதன்பின் மேலைத் திருச்சபையில் ஏறத்தாழ ஒவ்வொருவரும் தாம் நினைவில் கொள்ள முடியாத ஒரு நாளில் மறுபிறப்பு அடைந்தவராயினர்.

சீர்திருத்த இயக்கம் இந்நிலையைக் கேள்விக்கு உட்படுத்தினும் ஒரே விடையைத் தரவில்லை. லூத்தர் குழந்தைத் திருமுழுக்கையும் அதனால் விளையும் மறுபிறப்பையும் ஏற்றார். 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில், திருமுழுக்கு நாள்தோறும் தொடர வேண்டியது என்று விளக்கினார். பழைய மனிதன் ஒவ்வொரு நாளும் மாண்டு புதிய மனிதன் எழ வேண்டும் என்பது அவர் கருத்து. 1525இல் சூரிக்கில் தோன்றிய மறுமுழுக்கினர், தன் அறிவோடு நம்பாதவருக்கு அளிக்கப்படும் முழுக்கு செல்லாது என்றனர். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வில், மறுபிறப்பின் முழுக்கோ அதற்கான விருப்பமோ இன்றி ஒருவர் அருள்நிலையை அடைய இயலாது என்று வரையறுத்தது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் செருமனியில் தோன்றிய பக்திநெறி இயக்கம் தமிழக வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. 1675இல் 'பியா தெசிதேரியா' என்ற நூலை வெளியிட்ட பிலிப் யாக்கோப் ஸ்பேனர், மறுபிறப்பைப் பற்றிய தம் நீண்ட சொற்பொழிவுத் தொகுதியை 1696இல் வெளியிட்டார். அவர்வழி வந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1687இல் லூனபர்க் நகரில், உயிருள்ள நம்பிக்கை பற்றி உரையாற்ற அணியமானபோது அந்நம்பிக்கை தம்மிடமே இல்லை என்று உணர்ந்தார். சில நாள் கலக்கத்திற்குப் பின் உறுதி பெற்றார். திருமுழுக்குப் பெற்று, இறையியல் கற்றுத் தேர்ந்த ஒருவர் இன்னும் மறுபடி பிறக்காதவராக இருக்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாக எடுத்துரைக்கப்பட்டது. நாளும் நேரமும் குறிப்பிடத்தக்க அகமாற்றம் என்ற பொருள் 'மறுபிறப்பு' என்ற சொல்லுக்கு இவ்வாறு வலுப்பெற்றது. 1738 மே 24 அன்று இலண்டனில் ஜான் வெஸ்லி அடைந்த அனுபவமும் இம்மரபில் வருவதே. பிராங்கே தலைமை தாங்கிய ஹாலே நிறுவனங்களின் சூழலில் உருவானவர்களே தரங்கம்பாடிக்கு வந்த முதல் சீர்திருத்தத் திருச்சபை மிசனரிகள்.

தமிழ் மரபில் பிறப்பு

இக்கருத்து வந்தடைந்த நிலத்தில் பிறப்பு எவ்வாறு கருதப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். சிலப்பதிகாரம் கோவலனின் கொலைக்கு முற்பிறப்பு வினையைக் காரணமாகக் காட்டுகிறது. மணிமேகலை மணிபல்லவத்தீவில் தன் முற்பிறப்பை உணர்கிறாள். திருக்குறள் பிறப்பைக் கடலாக உருவகிக்கிறது. விரும்பத்தக்கது பிறவாமையே என்றும் கூறுகிறது. காரைக்கால் அம்மையார் இறைவனிடம் பிறவாமையை வேண்டியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆகச் சமணம், பௌத்தம், சைவம், வைணவம் ஆகியவை தம்முள் வேறுபடினும், பிறப்பு நீங்க வேண்டியதொன்று என்பதில் உடன்பட்டன. இச்சூழலில் மீட்புப் பெற இன்னும் ஒரு பிறப்பு வேண்டும் என்பது நோயாளியிடம் இன்னொரு முறை நோய்ப்படுக என்பது போல் ஒலித்திருக்கும்.

எனினும், உடல்மாறாப் பிறப்பு என்ற கருத்து தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. உபநயனத்தால் இரண்டாம் பிறப்பு அடைந்தவரை 'இருபிறப்பாளர்' என்று திருமுருகாற்றுப்படை குறிப்பிடுகிறது. சைவ சித்தாந்தத்தில் குருவின் தீக்கை, சேர்த்துவைக்கப்பட்ட வினையாகிய சஞ்சிதத்தை எரித்து உயிரின் நிலையை மாற்றுகிறது. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிரிடத்தே சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிதல், நிகழ்கிறது. உடலோடு இருக்கும்போதே முத்தி பெற்றவரைச் சீவன்முத்தர் என்பர். கிறித்தவர் கூறிய அகமாற்றத்திற்கு இவை பொருளால் அணுக்கமானவை. ஆனால் இவற்றுள் எதுவும் 'மறுபிறப்பு' என்று வழங்கவில்லை. சொல்லால் ஒத்தது பொருளால் எதிர்நின்றது. பொருளால் ஓரளவு ஒத்தது வேறு சொல்லால் வழங்கியது. தமிழ்க் கிறித்தவ எழுத்தாளரின் இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது.

நோபிலியின் இருமுகப் பணி

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' முதலிய நூல்களில் திருச்சபைக் கலைச்சொற்கள் பலவற்றைப் போர்த்துக்கீசிய ஒலிப்பிலேயே அமைத்தார். கடன்சொல் பொருட்குழப்பம் தராது; ஆனால் கேட்பவர் மனத்தில் எதனையும் எழுப்பாது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி மாற்றுவழியைத் தேர்ந்தார். இந்நாட்டுச் சமயச் சொற்களையே எடுத்துப் புதுப்பொருள் ஏற்றுவது அவர் முறை. அம்மரபில் நிலைபெற்ற 'ஞானஸ்நானம்' என்ற சொல் சிறந்த எடுத்துக்காட்டாகும். நீராடலாகிய புறச்செயலையும் ஞானமாகிய அகப்பயனையும் அது ஒருங்கே சுட்டுகிறது. சஸ்டின் வழங்கிய 'ஒளியூட்டல்' என்ற பெயரோடு இது கருத்தால் நெருங்கி நிற்பது வியப்புக்குரியது. தீர்த்தமாடிப் பாவம் போக்கும் வழக்கமும், ஞானத்தால் வீடுபெறும் கொள்கையும் அறிந்த தமிழருக்கு இச்சொல் தானே விளங்கும் தன்மையுடையது.

ஆனால் 'ஜென்மம்' என்ற சொல்லை இவ்வாறு எளிதில் எடுத்தாள அவரால் இயலவில்லை. அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்றின் தலைப்பே 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்', அதாவது மறுபிறப்புக் கொள்கைக்கு மறுப்பு. உயிரின் இயல்பை ஆராயும் 'ஆத்தும நிர்ணயம்' என்ற நூலும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது. கிறித்தவக் கொள்கைப்படி ஒவ்வோர் ஆன்மாவும் இறைவனால் புதிதாகப் படைக்கப்படுகிறது. ஒரு வாழ்வும் ஒரு சாவும் அதன்பின் தீர்ப்பும் உண்டு. உயிர் பல உடல்களில் புகும் என்றால் இம்மூன்றும் பொருளற்றுப் போகும். ஆகவே முதலில் புனர்ஜென்மத்தை மறுத்து இடத்தைத் துப்புரவாக்கிய பின்னரே ஞானஸ்நானத்தால் வரும் புதிய வாழ்வைப் பேச வேண்டியிருந்தது.

நோபிலியின் அணுகுமுறையில் இன்னொரு பக்கமும் உண்டு. பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே அன்றிச் சமய அடையாளங்கள் அல்ல என்று அவர் வாதிட்டார். நீண்ட வழக்குக்குப் பின் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை அவற்றைச் சில வரையறைகளோடு அனுமதித்தது. இதன்படி ஞானஸ்நானம் பெற்றவர் ஆன்மிகத்தில் புதிதாய்ப் பிறந்தாலும், பிறப்பால் வந்த சமூக நிலையில் பழையவராகவே இருக்கலாம். பூணூல் இருபிறப்பின் அடையாளம் என்பதை நினைவுகூரும்போது, ஒரே உடலில் இரு 'இரண்டாம் பிறப்பு'கள் அருகருகே நின்றமை புலனாகும். பின்னாளில் எழுந்த பெரும் விவாதத்தின் வித்து இதில் உள்ளது.

தரங்கம்பாடியும் மொழிபெயர்ப்புகளும்

1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் பக்திநெறி இயக்கத்தின் மறுபிறப்புக் கருத்தை உடன்கொண்டு வந்தனர். 1707 மே மாதத்தில் அவர்களிடம் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்ற ஐவர் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். கற்பித்தல், மனந்திரும்புதல், பின் திருமுழுக்கு என்ற ஒழுங்கு அங்குப் பின்பற்றப்பட்டது. லூத்தரன் சபையின் குழந்தைத் திருமுழுக்கும், அகமாற்றத்தை வேண்டிநிற்கும் பக்திநெறியும் ஒருங்கே அமைந்ததால், ஐரோப்பாவில் இருந்த இழுபறி தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தது.

சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பப்ரீசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவின் விவிலியம் 1871இல் நிறைவுற்றது. இதுவே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் 'பழைய திருப்புதல்' என வழங்குகிறது. இதில் யோவான் நற்செய்தியின் சொல் 'மறுபடியும் பிறத்தல்' என்றே அமைகிறது. 'மறுபிறப்பு' என்ற பெயர்ச்சொல்லின்றி வினைவடிவம் கையாளப்பட்டுள்ளது நோக்கத்தக்கது. பெயர்ச்சொல் கொள்கையைச் சுட்டும்; வினைச்சொல் நிகழ்ச்சியைச் சுட்டும். இதனால் பொருட்குழப்பம் ஓரளவு தவிர்க்கப்பட்டது. ஆனால் 'மேலிருந்து' என்ற இரண்டாம் பொருள் மறைந்தது. தமிழ் வாசகர் நிக்கொதேமு புரிந்துகொண்ட பொருளிலேயே தொடங்க நேர்ந்தது.

தீத்து மடலிலோ நிலைமை வேறு. மூலத்தில் பெயர்ச்சொல் இருப்பதால் அங்கு 'மறுஜென்ம முழுக்கு' என்ற தொடர் அமைந்தது. மத்தேயு நற்செய்தியில் உலகப் புதுப்பிப்பு 'மறுஜென்மகாலம்' ஆயிற்று. புனர்ஜென்மத்தை மறுத்து நூல் எழுதிய சமயமே மறுஜென்மம் என்ற சொல்லைத் தன் மறைநூலில் ஏற்றுக்கொண்டது. இரண்டிலும் 'ஜென்மம்' ஒன்றே. முன்னொட்டு மட்டும் வேறு. இரண்டரை நூற்றாண்டுப் பயிற்சியால் சபைக்குள் இருந்தவர்க்கு அச்சொல்லின் பொருள் உறுதிப்பட்டிருந்தது என்பதை இது காட்டுகிறது. சபைக்கு வெளியே இருந்தவர்க்கு அது எவ்வாறு ஒலித்தது என்பது வேறு வினா.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் 'ஜென்மம்' கைவிடப்பட்டு 'புதுப்பிறப்பு' இடம்பெறுகிறது. மத்தேயு நற்செய்தியில் 'புதுப்படைப்பு' வருகிறது. 'ஞானஸ்நானம்' 'திருமுழுக்கு' ஆகிறது. வடசொல் நீக்கம் மட்டும் இதன் பயன் அன்று. 'மறு' என்ற அடை முன்பு நிகழ்ந்தது திரும்ப நிகழ்வதைக் குறிக்கும். 'புது' என்ற அடை முன் இல்லாதது தோன்றுவதைக் குறிக்கும். பிறவிச் சுழற்சியிலிருந்து இச்சொல் இறுதியாக விடுபட்டது. அதேவேளை 'ஞானம்' என்ற கூறு நீங்கியதால், நோபிலி மரபு சேர்த்த அகப்பொருளும் சொல்லளவில் குறைந்தது.

முதற் பிறப்பு என்னவாயிற்று?

சொற்சிக்கலுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தீர்வு கண்டனர். சமூகச் சிக்கலுக்குத் தீர்வு எளிதாக இல்லை. 'பிறப்பு' என்பது குடிப்பிறப்பையும் குறிக்கும் மொழியில், மீண்டும் பிறந்தவர் எக்குடியில் பிறந்தவர் என்ற வினா தவிர்க்க முடியாதது.

தரங்கம்பாடிச் சபையிலேயே வேளாளர் முதலியோரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தனர். 1733இல் ஆரோன் முதல் தமிழ் லூத்தரன் குருவாகத் திருநிலை பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைப் பகுதியில் சிறந்த உபதேசியாராக விளங்கிய இராசநாயக்கன் பறையர் சமூகத்தவர். மற்றச் சாதியார் அவர் கையால் நற்கருணை பெறத் தயங்குவர் என்ற அச்சத்தால் அவருக்குக் குருத்துவம் அளிக்கப்படவில்லை. 1741இல் தியோகு திருநிலைப்படுத்தப்பட்டார். அகமாற்றத்தையே அளவுகோலாகக் கொண்ட இயக்கம், அகமாற்றத்தில் எக்குறையும் சொல்லப்படாத ஒருவரை முதற் பிறப்பால் அளந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது வெளிப்படையான போராட்டமாயிற்று. ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவரும் 'பெத்லகேம் குறவஞ்சி' ஆசிரியருமான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), சாதி வேறுபாட்டை அகற்ற முனைந்த புதிய மிசனரிகளை எதிர்த்து 1829இல் 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்ற நூலை எழுதினார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1850இல் சென்னை மிசனரி மாநாடு, சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாகப் பிறரோடு உடனுண்ண வேண்டும் என்ற நிலையை எடுத்தது. லைப்சிக் மிசன் மட்டும் இதனை ஏற்கவில்லை. அதன் இயக்குநரும் திருக்குறளைச் செருமனியில் பெயர்த்தவருமான கார்ல் கிரவுல், சாதி சமூக வழக்கம் என்றும், அதனைக் கட்டாயத்தால் அகற்றலாகாது என்றும் கருதினார்.

இவ்விரு தரப்பும் மறுபிறப்பை ஏற்றவையே. அதன் எல்லை பற்றியே கருத்து வேறுபட்டன. மறுபிறப்பு ஆன்மாவைச் சார்ந்தது, உடலும் குலமும் படைப்பின் ஒழுங்கைச் சார்ந்தவை என்பது ஒரு தரப்பு. ஒரு தந்தைக்குப் பிறந்தவர்கள் ஒரு பந்தியில் உண்ணாவிடில் அப்பிறப்பே மெய்யன்று என்பது மறுதரப்பு. இரண்டாவது வாதத்திற்கு உருவகமே துணைநின்றது. பிறப்பு என்பது தனிமனித அனுபவம் மட்டுமன்று. பிறந்தவருக்குப் பெற்றோரும் உடன்பிறந்தாரும் உண்டு. புதுப்பிறப்பு புதிய உறவுமுறையைத் தராவிடில் அது பிறப்பு என்ற பெயருக்கே உரியதாகாது.

இதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மக்கள் கிறித்தவம் தழுவினர். 1799இல் உருவான முதலூர் அத்தகைய குடியிருப்புகளுள் முற்பட்டது. ஊரோடு சேர்ந்து எடுக்கும் முடிவு தனிமனித மறுபிறப்பு ஆகுமா என்ற வினா இங்கு எழுந்தது. இப்பகுதியில் பணியாற்றிய இரு ஆங்கிலிக்கன் சங்கங்களுள் ஒன்று திருச்சபை மரபையும் அருட்சாதனத்தையும் முதன்மைப்படுத்தியது. மற்றது நற்செய்திநெறி சார்ந்து அகமாற்றத்தை முதன்மைப்படுத்தியது. இங்கிலாந்தில் இதே பிளவு 1850இல் கோரம் வழக்கில் வெளிப்பட்டது. குழந்தைத் திருமுழுக்கு கட்டாயம் மறுபிறப்பைத் தருகிறது என்பதை ஏற்காத கோரம் என்ற குருவுக்குப் பதவியளிக்க எக்சிட்டர் ஆயர் மறுத்தார். அரசவை நீதிக்குழு கோரமின் சார்பில் தீர்ப்பளித்தது. 1860இல் திருநெல்வேலியில் அருளப்பன் வழிநடத்திய எழுப்புதல், பிறப்பாலேயே கிறித்தவராகிவிட்ட இரண்டாம் தலைமுறையினரிடம் அகமாற்றத்தை வேண்டிநின்றது. இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்தவர்க்கு மட்டுமே முழுக்கு அளித்து இவ்வினாவைத் தொடர்ந்தன. 'இரட்சிக்கப்பட்ட நாள்' என்ற வழக்கு தமிழ்ப் பேச்சில் நிலைபெற்றது.

கிருஷ்ணபிள்ளையின் சான்று

தனிமனித அனுபவமும் தமிழ் மரபும் இணைந்த சிறந்த சான்று எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). நெல்லை நாட்டு வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்த இவர் சாயர்புரம் கல்விநிலையத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறித்தவத்தை அணுகி அறிந்தார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். தம் மனமாற்றத்தைப் பற்றித் தாமே எழுதியுள்ளார். ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவிக் கம்பனின் விருத்த நடையில் இவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது.

கிருஷ்ணபிள்ளையிடம் புதுப்பிறப்பு பழைய மொழியை அழிக்கவில்லை. தன் முயற்சியற்று இறைவனிடம் அடைக்கலம் புகும் வைணவச் சரணாகதி உணர்வே, தகுதியற்றவர்க்கு அளிக்கப்படும் அருள் என்ற கிறித்தவக் கருத்தைத் தமிழில் பாட அவருக்குத் துணைபுரிந்தது. 'ஹென்றி ஆல்பிரட்' என்ற புதுப்பெயருக்குப் பின் 'கிருஷ்ணபிள்ளை' என்ற பழைய பெயரும் நின்றது. திருமாலின் பெயரும் குலப்பட்டமும் திருமுழுக்கைக் கடந்து வந்தன. முன்னது பண்பாட்டுத் தொடர்ச்சி என்று போற்றப்படுகிறது. பின்னது எதன் தொடர்ச்சி என்பது முந்தைய பகுதியின் வினாவையே மீண்டும் எழுப்புகிறது.

அவ்வினா விடுதலைக்குப் பின்னும் தீரவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு வரையறுத்தது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது, கிறித்தவருக்கு விரிக்கப்படவில்லை. இதனை ஆராய 2022இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தலித் கிறித்தவரின் நிலை இதனால் இரட்டை முரணுக்கு உள்ளானது. மதம் மாறியதால் அவர் பழைய பிறப்பிலிருந்து நீங்கியவர் என்று சட்டம் கருதுகிறது. ஆனால் சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைகளைக் கொண்ட ஊர்களில், இறந்தபின்னும் அவர் முதற் பிறப்பாலேயே அடையாளம் காணப்படுகிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. கிறித்தவ மறுபிறப்பு காலத்தால் இரண்டாவதான பிறப்பு என்பதைவிட மூலத்தால் வேறான பிறப்பு. 'அனோதென்' என்ற சொல்லின் இருபொருளில் 'மேலிருந்து' என்பது தமிழ் வழக்கில் பின்தங்கியதால், உயிர்மாறும் கொள்கையோடு இது குழம்ப இடமேற்பட்டது.

2. மறுபிறப்பு திருமுழுக்கில் நிகழ்கிறதா, அகமாற்றத்தில் நிகழ்கிறதா என்ற ஐரோப்பிய விவாதம் மிசனரிகளோடு தமிழகம் வந்து, இங்கு ஊர்க்கூட்ட மதமாற்றத்தாலும் தலைமுறைக் கிறித்தவத்தாலும் புதிய வடிவம் பெற்றது.

3. புனர்ஜென்மத்தை மறுத்தல், மறுஜென்மத்தை ஏற்றல், புதுப்பிறப்பு என்று பெயர்த்தல் ஆகிய படிநிலைகளின் வழியே தமிழ் இக்கருத்துக்குத் தனிச்சொல் கண்டது. இது கிரேக்கத்தில் 'பாலிங்கெனெசியா' அடைந்த மாற்றத்தை ஒத்தது.

4. தமிழில் பிறப்பு சாதியையும் குறிப்பதால், ஐரோப்பாவில் அகவாழ்வுச் செய்தியாக வளர்ந்த மறுபிறப்பு இங்குச் சமூக வினாவாகவும் மாறியது. சொல்லின் பொருளை மொழிபெயர்ப்பாளர் ஓரளவு தீர்மானித்தனர். அதன் மெய்ம்மையைச் சபையின் பந்தியும் இருக்கையும் கல்லறையும் தீர்மானித்தன.

நிக்கொதேமு கேட்டது முதியவன் மீண்டும் பிறப்பது எப்படி என்பதே. தமிழ்க் கிறித்தவ வரலாறு அதனோடு இன்னொரு வினாவைச் சேர்த்தது: மீண்டும் பிறந்தவனை முதற் பிறப்பின் பெயரால் அழைப்பது எப்படி? முதல் வினாவுக்கு இறையியல் நூல்கள் விடை கூறியுள்ளன. இரண்டாவதற்கு விடை நூல்களில் கிடைப்பதன்று. மறுபடியும் பிறந்ததாகச் சொல்லும் மக்கள் தம்முள் வாழும் வாழ்க்கையிலேயே அது எழுதப்படுகிறது.